அரமும் திருக்கிண்ணமும்



திருப்பலியில் குருவானவர் திருக்கிண்ணத்தை உயர்த்தும்போது நாம் தலைவணங்குகிறோம். அந்தக் கிண்ணத்தை அடித்து உருவாக்கிய சுத்தியலை நாம் எவரும் நினைப்பதில்லை. அதன் விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கிய அரத்தையும் நினைப்பதில்லை. கிண்ணம் பீடத்திற்கு வந்து சேர்ந்துவிட்டது. அரமோ எங்கோ ஒரு பட்டறை மூலையில் கரி படிந்து கிடக்கிறது. ஒன்று புனிதமானது, மற்றது அழுக்கானது என்று நம் மனம் தானாகவே பிரித்துக் கொள்கிறது.

இந்தப் பிரிவினை பொருள்களோடு நின்றுவிட்டால் பெரிய தீங்கில்லை. அது மனிதரையும் பிரிக்கத் தொடங்கிவிட்டது என்பதே துயரம். “ஒழுங்காகப் படிக்காவிட்டால் பட்டறையில் சுத்தியல் அடிக்கத்தான் போவாய்” என்று எத்தனை வீடுகளில் பிள்ளைகளை அச்சுறுத்துகிறோம்! சொல்லும் தாய்க்கோ தந்தைக்கோ கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் கேட்கும் பிள்ளையின் மனத்தில் என்ன பதிகிறது? சுத்தியல் ஒரு தண்டனை. அதைப் பிடித்திருப்பவன் தோற்றுப்போனவன். அந்தப் பிள்ளையின் பக்கத்து இருக்கையில் ஒரு கொல்லருடைய மகன் உட்கார்ந்திருக்கலாம். பள்ளிப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தை நிரப்ப அவன் கை தயங்குமானால், அந்தத் தயக்கத்தை அவனுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நாம்தாம்.

திருச்சபையின் மரபு இந்தப் பிரிவினையை ஒப்புக்கொள்கிறதா? இம்மாதம் அதைச் சற்று ஆராய்வோம்.

விவிலியத்தின் முதல் ஏடுகளிலேயே ஒரு வியப்பான குடும்பத்தைக் காண்கிறோம். தொடக்க நூலின் 4ஆம் அதிகாரத்தில் இலாமேக்கு என்பவனின் மக்கள் பெயர் வரிசை வருகிறது. அவர்களுள் யூபால் என்பவன் யாழும் குழலும் இசைப்போர் அனைவருக்கும் மூதாதை. தூபால்காயின் என்பவன் வெண்கலத்தாலும் இரும்பாலும் கருவிகள் செய்தவன். தாயர் இருவர் எனினும் தந்தை ஒருவரே. இசையும் இரும்பும் ஒரே கூரையின் கீழ்ப் பிறந்த உடன்பிறப்புகள் என்பது எவ்வளவு பொருள் பொதிந்த செய்தி!

விடுதலைப் பயண நூலின் 31ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பாலைநிலத்தில் சந்திப்புக் கூடாரம் அமைக்க வேண்டிய வேளையில், பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்வதற்காகப் பெசலேல் என்னும் கைவினைஞனை ஆண்டவர் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கிறார். தம் ஆவியால் அவனை நிரப்புகிறார். இறைவாக்கினருக்கும் அரசருக்கும் மட்டுமே உரியது என நாம் எண்ணும் இறை ஆவி, உலையருகே நிற்கும் ஒரு தொழிலாளியின் விரல்களுக்கு வழங்கப்படுகிறது.

நாசரேத்தூரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? மாற்கு நற்செய்தியில் ஊரார் நம் ஆண்டவரை ஏளனமாகக் குறிப்பிடும்போது பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லைத் தச்சர் என்று மொழிபெயர்க்கிறோம். கைகளால் செய்து உருவாக்கும் வினைஞன் என்ற விரிந்த பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. மீட்பரின் கைகள் ஆணியால் துளைக்கப்படுமுன் பல ஆண்டுகள் கருவி பிடித்துக் காய்த்திருந்த கைகள்.

இந்த விதை துறவு மடங்களில் முளைத்தது. ஏறக்குறைய 480 முதல் 547 வரை வாழ்ந்த புனித பெனதிக்து தம் துறவியருக்கு எழுதி வைத்த ஒழுங்கு நூலின் 31ஆம் அதிகாரத்தில், மடத்தின் பொருள்களைப் பொறுப்பேற்று நடத்தும் சகோதரருக்கு ஓர் அறிவுரை உண்டு. மடத்தின் கருவிகள், பாத்திரங்கள் அனைத்தையும் பீடத்தின் புனிதப் பாத்திரங்களைப் போலவே அவர் மதிக்க வேண்டும் என்பதே அது. மண்வெட்டியும் சுத்தியலும் திருக்கிண்ணத்தோடு ஒரே வரிசையில் வைக்கப்படுகின்றன. கருவியைத் துருப்பிடிக்க விடுவதும் அழுக்கோடு போட்டுவிடுவதும் வெறும் கவனக்குறைவன்று, பக்திக் குறைவு என்று அவர் கருதினார்.

அதே நூலின் 57ஆம் அதிகாரம் கைவினைத் துறவியரைப் பற்றியது. தொழில் தெரிந்தவர் அதைப் பணிவோடு செய்யட்டும். தம் திறமையால் மடத்திற்கு வருவாய் வருகிறது என்று செருக்குக் கொண்டால் அத்தொழிலிலிருந்து அவரை விலக்க வேண்டும். பொருள்களை விற்கும்போது பேராசை புகாதபடி, பிறர் விற்பதைவிடச் சற்றுக் குறைந்த விலைக்கே கொடுக்க வேண்டும். இவை 6ஆம் நூற்றாண்டின் ஒழுங்குகள். இன்றைக்கும் எந்தப் பட்டறையின் சுவரிலும் எழுதி வைக்கத் தக்கவை.

இந்த மண்ணில் செழித்து வளர்ந்த ஒரு மரத்தை இப்போது உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். ஏறக்குறைய 1100க்கும் 1140க்கும் இடைப்பட்ட காலத்தில், ஜெர்மானிய நிலப்பகுதியில் வாழ்ந்த ஒரு துறவி-குரு கைவினைகளைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். தம் இயற்பெயரை மறைத்துத் ‘தெயோபிலுஸ்’ என்று தம்மை அழைத்துக்கொண்டார். இறைவனின் அன்பன் என்பது அதன் பொருள். புனித லூக்கா தம் நற்செய்தியை யாருக்கு எழுதினாரோ அவருடைய பெயரும் அதுவே. ஹெல்மார்ஸ்ஹவுசன் மடத்தில் வாழ்ந்து பொன்னிலும் வெள்ளியிலும் அரும்பணிகள் செய்த ரோஜர் என்னும் துறவியே இவர் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

நூல் மூன்று பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி வண்ணங்களையும் ஓவியத்தையும் பற்றியது. இரண்டாவது கண்ணாடியைப் பற்றியது. மூன்றாவதும் மிக நீண்டதுமான பகுதி உலோகத்தைப் பற்றியது. திருக்கிண்ணம் செய்வது எப்படி என்று அறியும் ஆவலோடு இம்மூன்றாம் பகுதியைத் திறப்பவருக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. கிண்ணம் உடனே வரவில்லை. முதலில் பட்டறையைக் கட்டச் சொல்கிறார். அது உயரமாகவும் நீளமாகவும் இருக்க வேண்டும். வெளிச்சம் வரப் பலகணிகள் வேண்டும். செம்பும் ஈயமும் உருக்கும் இடம் வேறு, பொன்னும் வெள்ளியும் பணி செய்யும் இடம் வேறாக நடுவே சுவர் வேண்டும். அடுத்து வேலை செய்வோர் உட்காரும் இருக்கை. பின்னர் உலை. பின்னர் ஆட்டுக்கிடாய்த் தோலால் துருத்தி. அப்பால் பட்டறைக்கல், சுத்தியல்கள், குறடுகள், கம்பி இழுக்கும் துளைத்தகடு, அரங்கள், செதுக்குளிகள் என்று ஒவ்வொரு கருவியாகச் செய்யக் கற்றுத் தருகிறார். இத்தனையும் கைக்கு வந்த பிறகே வெள்ளியைத் தொட விடுகிறார்.

அரத்தை எடுத்துக்கொள்வோம். மென்மையான இரும்பில் பற்கள் வெட்டினால் அவை விரைவில் மழுங்கிவிடும். அதற்கு அவர் கூறும் வழி இது: மாட்டுக் கொம்பைச் சுட்டுச் சுரண்டிப் பொடியாக்கி, உப்பைச் சேர்த்து அரைத்துக்கொள்ள வேண்டும், அரத்தை நெருப்பில் காய்ச்சி, அப்பொடியை அதன்மேல் எங்கும் தூவி, மீண்டும் உலையில் நன்கு பழுக்க வைத்துத் தோய்ச்சல் கொடுக்க வேண்டும். இன்றைய உலோக அறிவியல் இதன் காரணத்தை விளக்குகிறது. எரிந்த கொம்பிலுள்ள கரிச்சத்து, பழுத்த இரும்பின் மேற்பரப்புக்குள் ஊடுருவி அதை எஃகாக மாற்றுகிறது. உடனே குளிர்விக்கும்போது மேற்புறம் கடினமாகிறது. உள்ளே இரும்பு இளகிய தன்மையோடு இருப்பதால் அரம் எளிதில் உடைவதில்லை. காரணம் தெரியாத காலத்திலும் கை அறிந்திருந்தது. கவனித்த கண் அறிந்திருந்தது.

கருவிகளை இப்படிச் செய்து முடித்தவரே கிண்ணம் செய்யத் தகுதி உடையவர். தூய்மையாக்கிய வெள்ளியைத் தட்டித் தகடாக்கி, கவராயத்தால் நடுப்புள்ளியைக் குறித்து, வட்டமிட்டு, அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் அடித்துக் குழிவாக்க வேண்டும். அடிக்க அடிக்க வெள்ளி இறுகும். இறுகியதை மேலும் அடித்தால் கீறும். ஆகவே அடிக்கடி அதைக் கரிநெருப்பில் இட்டு இளக்க வேண்டும். அடியும் அனலும் மாறி மாறிப் பட்டே ஒரு கிண்ணம் உருவாகிறது. பிள்ளைகளை வளர்ப்போர் இந்தச் செய்தியைத் தம் மனத்தில் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்துத் தூபக்கலசம். அடித்துச் செய்வது ஒரு வகை, வார்த்துச் செய்வது மற்றொரு வகை என இரண்டையும் விளக்குகிறார். வார்ப்பு வகைக் கலசத்தைப் பன்னிரண்டு வாயில்களும் திருத்தூதர் உருவங்களும் கொண்ட விண்ணக எருசலேமின் வடிவிலேயே அமைக்கச் சொல்கிறார். களிமண் கருவின்மேல் மெழுகால் அந்நகரை உருவாக்கி, அதன்மேல் மண் பூசி, உலர்த்தி, சூடேற்றி மெழுகை வடியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்ற வேண்டும்.

இந்த முறை நமக்குப் புதிதன்று. தெயோபிலுஸ் தம் நூலை எழுதிய அதே நூற்றாண்டில் நம் காவிரிக் கரையில் சோழர் காலக் கம்மியர் இதே மெழுகு வார்ப்பில் உலகம் வியக்கும் படிமங்களைப் படைத்துக்கொண்டிருந்தனர். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் அத்தொழில் இன்றும் வீட்டோடு சேர்ந்த பட்டறைகளில் நடைபெறுகிறது. தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலையெண்ணெயும் சேர்த்துக் கரு செய்கிறார்கள். காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணை முதற்பூச்சாக இடுகிறார்கள். அந்த வண்டல், மெழுகில் உள்ள மயிரிழைக் கோட்டையும் தன்னில் வாங்கிக்கொள்ளும். பின்னர் மணல் கலந்த மண்ணைப் பூசி, இரும்புக் கம்பி கட்டி, வறட்டி அடுக்கிச் சூடேற்றி மெழுகை இறக்குகிறார்கள். உலோகம் குளிர்ந்ததும் அச்சை உடைத்தாக வேண்டும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே வார்ப்புத்தான். ஜெர்மானிய நாட்டுத் துறவியும் காவிரி நாட்டுக் கம்மியரும் ஒருவரையொருவர் அறிந்ததில்லை. மண்ணும் மெழுகும் நெருப்பும் இருவருக்கும் ஒரே பாடத்தைக் கற்பித்திருக்கின்றன. அந்த அறிவை மனிதருக்கு அருளியவர் ஒருவரே அன்றோ?

கலசத்திற்கு அடுத்து மணி. நான்கு பங்கு செம்பு, ஐந்தாம் பங்கு வெள்ளீயம் என்று அளவு கூறுகிறார். செம்பு தனியாக இருந்தால் அடித்தவுடன் ஒலி மந்தமாக மடிந்துவிடும். வெள்ளீயம் சேரும்போது உலோகம் விறைத்து, நாதம் நெடுநேரம் நிற்கிறது. வெள்ளீயம் அளவுக்கு மிஞ்சினாலோ மணி நொறுங்கும் தன்மை அடைந்து நாவின் அடியிலேயே விரிசல் கண்டுவிடும். செம்பு உருகுவதற்கு 1085 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகிவிடும். ஆகவே செம்பு முழுதும் உருகிய பிறகே வெள்ளீயத்தைச் சேர்க்கிறார்கள்.

மணியின் அச்சைக் குழிக்குள் இறக்கி, சுற்றிலும் மண்ணிட்டுக் கெட்டித்து, உருகிய வெண்கலத்தை ஊற்றும் நேரம் வருகிறது. அப்போது செய்யவேண்டிய ஒன்றைத் தெயோபிலுஸ் கூறுகிறார். பிறர் ஊற்றிக் கொண்டிருக்கையில், தேர்ந்த ஒருவர் அச்சின் வாயருகே படுத்துக் காது கொடுத்துக் கேட்க வேண்டுமாம். உள்ளே மெல்லிய இடிமுழக்கம் போன்ற ஓசை கேட்டால் சற்று நிறுத்தச் சொல்லி, பின்னர் மீண்டும் ஊற்றச் சொல்ல வேண்டும். உலோகம் சீராக அமர்கிறதா என்று அறிய அவருக்கு வேறு கருவி இல்லை; தம் செவியையே கருவியாக்கிக் கொள்கிறார். நாளைக்கு ஊரையெல்லாம் திருப்பலிக்கு அழைக்கப்போகும் மணியின் முதல் ஓசையை, மண்ணில் படுத்துக் கிடக்கும் அந்தத் தொழிலாளியின் காது மட்டுமே கேட்கிறது. இதைவிடத் தாழ்மையான ஒரு செபநிலை உண்டோ?

இசைக்கருவிகளும் இதே பட்டறையில் பிறக்கின்றன. கோயில் ஆர்கனுக்குக் குழல்கள் செய்யச் செம்பை மிக மெல்லிய தகடாகத் தட்ட வேண்டும். ஒரு புறம் நகத்தால் அழுத்தினால் மறுபுறம் அதன் தடம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக. அத்தகட்டை இரும்புத் தண்டின்மேல் சுற்றிப் பற்றவைத்துக் குழலாக்குகிறார். காற்றுப் பேழையும் துருத்திகளும் அதற்குப் பின். இசைக்கு இசைவாக வரிசையாகத் தொங்கவிடும் சிறு மணிகளுக்கோ, ஒவ்வொரு சுரத்திற்கும் உரிய மெழுகை முன்கூட்டியே தராசில் நிறுத்துக்கொள்ளச் சொல்கிறார். மெழுகின் எடை மாறினால் வெண்கலத்தின் எடை மாறும்; வெண்கலத்தின் எடை மாறினால் சுரம் மாறும். வார்த்தபின் ஒரு மணி சுரம் பிசகினால் அதைத் திருத்த வருவது எது தெரியுமா? அரம்! தொடக்கத்தில் மாட்டுக் கொம்பில் தோய்ச்சல் கொடுத்த அதே அரம், இறைப்புகழின் சுரத்தைச் சரிசெய்கிறது. அரம் கெட்டிருந்தால் கிண்ணமும் கெடும், பாடலும் கெடும். கருவியில் தொடங்காத பக்தி பீடத்தில் முடிவதில்லை.

இந்நூலில் என் உள்ளத்தை மிகவும் தொட்டது மூன்றாம் பகுதியின் முன்னுரை. உறுதிபூசுதலுக்கு ஆயத்தமாகும்போது ஞானோபதேசத்தில் நாம் மனப்பாடம் செய்த தூய ஆவியின் ஏழு கொடைகள் நினைவிருக்கின்றனவா? ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி, தெய்வபயம். இந்த ஏழும் ஒரு கைவினைஞனின் வேலையில் எப்படிச் செயல்படுகின்றன என்று தெயோபிலுஸ் விளக்குகிறார். அவர் கருத்தை நம் சொற்களில் சுருக்கிக் கூறுவோம்.

படைக்கப்பட்ட யாவும் இறைவனிடமிருந்தே வருகின்றன என்று தொழிலாளி அறிவது ஞானத்தால். எந்த ஒழுங்கில், எந்த வகையில், எந்த அளவில் ஒரு பணியைச் செய்வது என்று உணர்வது புத்தியால். பெற்ற தாலந்தைப் புதைத்து வையாமல், பணிவோடு பிறர்முன் செய்துகாட்டிக் கற்க வருவோர்க்குக் கற்பிப்பது விமரிசையால். சோம்பலை உதறித் தொடங்கியதை முழு வலிமையோடு முடிப்பது திடத்தால். உள்ளத்தில் நிறைந்துள்ள திறமையைத் தயங்காமல் பிறருக்குப் பயன்படுத்துவது அறிவால். என்ன செய்வது, யாருக்குச் செய்வது, எவ்வளவு கூலி பெறுவது என்று வரையறுத்து, பேராசை நுழையாமல் காப்பது பக்தியால். இறைவன் அருளாவிட்டால் தன்னால் ஒன்றும் ஆகாது என்று நினைந்திருப்பது தெய்வபயத்தால்.

கூலியைப் பற்றிய நேர்மையைப் பக்தி என்னும் கொடையின் கீழ் வைத்தாரே, அதைக் கவனியுங்கள். செபமாலையைக் கையில் எடுக்கும்போது மட்டும் பக்தி தொடங்குவதில்லை. தராசைக் கையில் எடுக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது.

இதற்கு உயிருள்ள சான்றாக விளங்கியவர் பொற்கொல்லரின் பாதுகாவலரான புனித எலீஜியுஸ். பிரான்சு நாட்டு லிமோஜ் நகருக்கு அருகே ஏறக்குறைய 588இல் பிறந்த இவர் பொற்கொல்லராகத் தொழில் பயின்றார். இரண்டாம் குளோத்தார் மன்னர் ஓர் அரியணை செய்யும்படி இவரிடம் பொன்னும் மணிகளும் கொடுத்ததாகவும், இவர் அதே பொன்னில் இரண்டு அரியணைகள் செய்து கொண்டுவந்து வைத்ததாகவும் அவர் வரலாறு கூறுகிறது. மிஞ்சியதை மறைத்துக்கொள்ள எவ்வளவு எளிதான வாய்ப்பு! உலையில் எவ்வளவு பொன் கழிந்தது என்று மன்னருக்கு எப்படித் தெரியும்? தெரியாத இடத்தில்தான் எலீஜியுஸ் உண்மையாக இருந்தார். பிற்காலத்தில் குருவாகி, 641இல் நோயோன் நகரின் ஆயரானார். 660இல் இறைவனடி சேர்ந்தார். டிசம்பர் 1 அவர் திருநாள். இங்கிலாந்தில் 988இல் மறைந்த கான்டர்பரிப் பேராயர் புனித டன்ஸ்டனும் உலோகப் பணியில் வல்லவர். அவரும் பொற்கொல்லரின் பாதுகாவலராகப் போற்றப்படுகிறார். சுத்தியல் பிடித்த கை செங்கோல் பிடிக்கத் தகாதது என்று திருச்சபை ஒருநாளும் எண்ணியதில்லை.

அன்பு வாசகர்களே, இவ்வளவும் பழங்கதை பேசுவதற்காக அன்று. நம் குடும்பங்களும் பங்குகளும் செய்யத்தக்கவை சில உண்டு.

முதலாவது, நம் நாவைத் திருத்திக்கொள்வோம். கைத்தொழிலைத் தண்டனையாகச் சொல்லிப் பிள்ளைகளை அச்சுறுத்தும் பழக்கம் இன்றோடு ஒழியட்டும். படிப்பு வேண்டாம் என்று யார் சொன்னது? மணியின் எடையைக் கணக்கிடக் கணிதம் வேண்டும். தோய்ச்சலை விளங்கிக்கொள்ள வேதியியல் வேண்டும். தெயோபிலுஸ் இலத்தீன் கற்றவர். படித்த கையே சுத்தியலும் பிடித்தது. புத்தகத்தில் நாட்டமில்லாத பிள்ளை உடைந்த மிதிவண்டியைப் பிரித்து மாட்டுவதில் மணிக்கணக்காக மூழ்கியிருந்தால், அவனைச் சோம்பேறி என்று முத்திரை குத்தாதீர்கள். பெசலேலுக்கு அருளப்பட்ட கொடையின் ஒரு பொறி அவனிடமும் இருக்கலாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் அவனைச் சேர்க்க நேரும்போது துக்க வீட்டு முகத்தோடு சேர்க்காதீர்கள்.

இரண்டாவது, கருவிகளை மதிப்போம். பாட்டனார் மறைந்த சில நாளிலேயே அவருடைய அரமும் குறடும் உளியும் பழைய இரும்புக் கடையின் தராசில் ஏறிவிடுகின்றன. அவருடைய உள்ளங்கை தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய மரப்பிடிக்கு அங்கே எடைகூடக் கிடையாது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்பை மட்டும் நிறுப்பார்கள். ஒரு கருவியையாவது வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பூசித் துருவின்றிக் காப்பாற்றுங்கள். பேரப்பிள்ளைகளின் கையில் அதைக் கொடுத்து, உங்கள் பாட்டனார் இதைக் கொண்டுதான் நம் எல்லோருக்கும் சோறு போட்டார் என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, பங்கு மன்றங்களுக்கு ஒரு விண்ணப்பம். தூபக்கலசத்தின் சங்கிலி அறுந்தால், உடனே அதை மூலையில் போட்டுவிட்டுப் புதியது வாங்க ஓடாமல், உள்ளூரில் வேலை தெரிந்தவர் இருந்தால் அவரை அழையுங்கள். அழைத்தபின் உரிய கூலியைக் கொடுங்கள். “கோயில் வேலைதானே, புண்ணியம் கிடைக்கும்” என்று கூலியைக் குறைப்பது எந்த நியாயம்? குறைந்த விலைக்குக் கொடுக்கும்படி புனித பெனதிக்து சொன்னது, விற்கும் துறவியரை நோக்கி. வாங்குவோருக்கு அவர் அந்த உரிமையைத் தரவில்லை. தொழிலாளி தாமாக விட்டுக்கொடுத்தால் அது காணிக்கை. நாம் பிடித்துக்கொண்டால் அது வேறு பெயர் கொண்டது. புனித யாக்கோபு தம் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் கொடாமல் பிடித்துவைத்த கூலி விண்ணை நோக்கிக் கூக்குரலிடுவதாக எச்சரிக்கிறார். அத்தகைய கூலியில் பழுதுபார்த்த கலசத்திலிருந்து நறுமணம் எழுமோ?

நான்காவது, நம் பங்குகளில் பட்டறை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு: கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உண்மையாக இருங்கள். உட்புறப் பற்றவைப்பையும் உலோகக் கலவையின் அளவையும் வாங்குவோர் அறியார். நீங்கள் அறிவீர்கள், ஆண்டவர் அறிவார். தெரிந்த நுட்பத்தைத் தொழில் மறை என்று நெஞ்சுக்குள் பூட்டி வையாதீர்கள். மகன் வேறு வேலைக்குப் போய்விட்டால் அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள்; விரும்பினால் மகளுக்கும் கற்றுக்கொடுங்கள். எழுதத் தெரிந்தவரைக் கொண்டு அளவுகளை ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். ஒரு முதியவரோடு புதைக்கப்படும் கைப்பக்குவத்தைப் பின்னர் எந்தப் பணத்தாலும் தோண்டி எடுக்க முடியாது.

தெயோபிலுஸ் அப்படி எழுதி வைத்ததனால்தான் ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அவருடைய உலையருகே நிற்க முடிகிறது. மனிதர் புகழுக்காகவோ பொருளுக்காகவோ தாம் இதை எழுதவில்லை என்று அவர் நூலின் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார். கொடையாகப் பெற்றதைக் கொடையாகவே கொடுத்தார். தம் நூலால் பயன்பெறுவோரிடம் அவர் கேட்டுக்கொண்ட கூலி ஒன்றே: தமக்காக இறைவனிடம் இரக்கம் வேண்டி மன்றாட வேண்டும் என்பது.

நாமும் அவருடைய நூலால் இன்று பயன்பெற்றோம். ஆகவே அந்தக் கடனைத் தீர்ப்போம். 1955ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் பத்திநாதர் திருத்தந்தை மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். அந்நாளில் மட்டுமன்றி, இன்றிரவு குடும்ப செபத்திலும் ஒரு மங்கள வார்த்தை செபத்தைக் கைத்தொழிலாளருக்காகச் சேர்த்துக்கொள்வோம். பெயர் மறைந்த அந்தத் துறவிக்காகவும், நம் கோயில் மணியை வார்த்த முகம் தெரியாத கம்மியருக்காகவும், நம் தெருவில் இன்றும் உலை மூட்டி உட்கார்ந்திருக்கும் சகோதரருக்காகவும் மன்றாடுவோம். நாசரேத்தூர்ப் பட்டறையில் கருவி பிடித்த திருக்கரங்கள் அவர்கள் எல்லோருடைய கைகளையும் ஆசீர்வதிப்பனவாக!